குடிக்காதவருக்கு என்ன ஆச்சு?

சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் சீனி டப்பாவை எடுத்து வைத்துவிட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறிவிடுவது திருநெல்வேலிப் பக்கம் பரவலாக நடக்கிற காரியம். "கருப்பட்டிதானே அண்ணாச்சி, அது ஒண்ணும் செய்யாது" என்று டீக்கடையிலும் சொல்வார்கள், கல்யாணப் பந்தியிலும் சொல்வார்கள். இப்போது அதே பேச்சு செல்போனில் வீடியோவாக வருகிறது. பேசுகிறவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இருக்கும், கீழே ஒரு பொடியின் விலையும் வாட்ஸ்அப் நம்பரும் ஓடும். பார்த்தவர் அதைக் குடும்பக் குழுவில் போடுவார். அங்கிருந்து வள்ளியூர், சங்கரன்கோவில், துபாய் என்று அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஊர்ப் பேச்சுதானே என்று இதை விட்டுவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வொன்றின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அந்தக் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கும் அதிகமானவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100 பேருக்கு 14 பேர் என்ற அளவில் நோய் இருக்கிறது. இத்தனை பேர் பயத்தோடு பதில் தேடும்போது, பதில் விற்கிறவர்களும் பெருகத்தான் செய்வார்கள். அதில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

முதலில் கருப்பட்டியை முடித்துவிடுவோம். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ். வெள்ளைச் சீனியில் இருப்பதும் அதுதான். பதநீரைக் காய்ச்சும்போது அதிலுள்ள இரும்பு, பொட்டாசியம் போன்ற தாதுக்கள் கருப்பட்டியிலேயே தங்கிவிடுகின்றன. சீனி ஆலையில் சுத்திகரிக்கும்போது அவை போய்விடுகின்றன. அந்த வித்தியாசம் உண்மை. ஆனால் ஒரு தம்ளர் காப்பிக்குப் போடும் துண்டில் வரும் தாது மிகச் சொற்பம், சர்க்கரையோ தாராளம். பதநீரிலும் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 முதல் 12 கிராம் சர்க்கரை இருக்கும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. ஓலைப்பட்டையில் வாங்கி இரண்டு முறை பதநீர் குடித்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

கருப்பட்டி மீது எனக்கு எந்த விரோதமும் கிடையாது. உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடு வேறொன்று இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதன் பின்னால் பனையேறிகளின் கடுமையான உழைப்பு இருக்கிறது. சீனியைக் கலந்து காய்ச்சி அவர்கள் பிழைப்பில் கைவைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ருசிக்காகக் கொஞ்சமாக, கணக்கு வைத்துச் சாப்பிடுவது ஒன்று. மருந்து என்று நம்பி மூன்று வேளையும் குடிப்பது முற்றிலும் வேறு. சந்தேகம் இருந்தால் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டிவிடும். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் போனால் நீரிழிவு, 5.7-இலிருந்து 6.4 வரை என்றால் எச்சரிக்கை. கருப்பட்டிக்கு மாறும் முன் ஒரு முறையும் மாறி மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் இதை எடுத்துப் பார்த்தால், உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, மற்ற விஷயங்களுக்கு வருவோம். ஒரு மருந்தோ உணவோ பயிற்சியோ பலன் தருகிறது என்று எப்படி முடிவு செய்கிறோம்? "எனக்குக் கேட்டுச்சு" என்று ஒருவர் சொன்னால் நமக்கு அது பெரிய சாட்சி. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே குணமாகியிருக்கிறது. ஆனால் அந்தச் சாட்சியில் பாதிதான் இருக்கிறது. குடித்தவருக்கு என்ன ஆனது என்று தெரிகிறது. குடிக்காதவருக்கு என்ன ஆச்சு? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால், நம்மிடம் வந்து சேரும் உடல்நலச் செய்திகளில் பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடும்.

இதற்கு நம் வயல் வரப்பிலேயே நல்ல உதாரணம் உண்டு. மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். காமாலை என்பது ஒரு அறிகுறி. பல நோய்களில் கண்ணும் தோலும் மஞ்சளாகும். நம் ஊர்களில் அடிக்கடி வருவது, கெட்டுப்போன தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸால் வருகிற காமாலை. அது பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ஓய்வும் நல்ல சாப்பாடும் போதும். அந்தச் சில வாரங்களில் கீழாநெல்லி குடித்தவருக்கும் குணமாகும், மந்திரித்துக் கயிறு கட்டியவருக்கும் குணமாகும், ஒன்றுமே செய்யாதவருக்கும் குணமாகும். பெயர் மட்டும் கடைசியாக எதைக் குடித்தாரோ அதற்குப் போய்ச் சேரும்.

ஆபத்து எங்கே என்றால், காமாலைக்கு வேறு காரணம் இருக்கும்போதுதான். பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கலாம், கட்டி இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், குடியால் ஈரல் கெட்டிருக்கலாம். கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் ஹெபடைட்டிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. இவர்களுக்கெல்லாம் "நாலு நாள் பச்சிலை குடித்துப் பார்ப்போம்" என்று போகிற நாட்கள் திரும்பி வராதவை.

அப்படியானால் கீழாநெல்லி வெறும் நம்பிக்கைதானா? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. அதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டவர்கள் நம் சென்னை விஞ்ஞானிகள். எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழு ஹெபடைட்டிஸ் பி வைரஸை நாள்பட உடம்பில் சுமப்பவர்களிடம் கீழாநெல்லியைச் சோதித்தது. அந்த வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் அவர்களோடு சேர்ந்திருந்தார். 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போயிருந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் அப்படி ஆனது. குடிக்காதவருக்கு என்ன ஆச்சு என்ற கேள்வியை அவர்கள் முறையாகக் கேட்டிருந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அதே பலன் வரவில்லை. 2011-இல் காக்ரேன் என்ற அமைப்பு, கீழாநெல்லி வகைச் செடிகளை வைத்து நடந்த சோதனைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் ஹெபடைட்டிஸ் பி-க்கு இது பலன் தருகிறது என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. முதல் ஆய்வைச் செய்தவர்கள் தவறு செய்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கொஞ்சம் பேரை வைத்துச் செய்யும் எந்த முதல் ஆய்வும் இப்படி மாறிப்போகலாம், அதனால்தான் இரண்டாவது, மூன்றாவது ஆய்வுகள் தேவைப்படுகின்றன. இன்றைக்கும் 1988 ஆய்வை மட்டும் காட்டி "லான்செட்டே சொல்லிவிட்டது" என்று விற்கிறவர்கள் உண்டு. பின்னால் வந்த ஆய்வுகளைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. "ஆய்வில் நிரூபணம்" என்று எதைப் பார்த்தாலும், அது எத்தனை பேரிடம் நடந்தது, அதற்குப் பிறகு வேறு யாராவது செய்து பார்த்தார்களா என்று கேட்க இந்த ஒரு செடியின் கதை போதும்.

இதைச் சொன்னால் சித்த மருத்துவத்துக்கு எதிராகப் பேசுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். பொதிகையை அகத்தியர் மலை என்று கும்பிடுகிற ஊர் இது. பாளையங்கோட்டையில் 1964-இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே படித்து வருகிறவர்கள் நாலரை வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் முடித்த பதிவுபெற்ற மருத்துவர்கள். நாடி பார்த்து, ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் பார்த்து, தங்களால் முடியாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கத் தெரிந்தவர்கள். யூடியூபில் சித்தர் பெயரைச் சொல்லிப் பொடி விற்பவரையும் இவரையும் ஒரே தட்டில் வைப்பது சித்த மருத்துவத்துக்கே செய்கிற அநியாயம். எந்த மருத்துவ முறையானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், அது அலோபதிக்கும் பொருந்தும்.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்த உதாரணமும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைப் பிரித்து ஏறக்குறைய இரண்டரை வருடம் கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பகுதியினருக்குத் தினமும் அரை மணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும். வேறு சிலருக்குச் சர்க்கரையைக் குறைக்கும் மெட்பார்மின் மாத்திரை. 2006-இல் வந்த முடிவு: நடையும் உணவும் கடைப்பிடித்தவர்களுக்கு நோயாக மாறும் வாய்ப்பு, ஆலோசனை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரையின் பலனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நம்மைப் போலச் சோறும் இட்லியும் சாப்பிடுகிறவர்களிடம், ஒப்பிட்டுப் பார்த்துக் கிடைத்த விடை இது. இதில் விற்பதற்குப் பொருள் எதுவும் இல்லை, அதனாலோ என்னவோ இதை வைத்து யாரும் வீடியோ போடுவதில்லை.

நடை என்றதும் பத்தாயிரம் அடி நினைவுக்கு வரும். பாளையங்கோட்டை மைதானங்களில் காலையில் நடக்கிறவர்கள் பலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அந்த எண்ணை எட்டப் பாடுபடுகிறார்கள். அது 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவியோடு பிரபலமான எண். மருத்துவ ஆய்விலிருந்து பிறந்தது அல்ல. 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதான 16,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வு வேறு சித்திரம் தருகிறது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 40 சதவீத அளவுக்குக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் போனபோது கூடுதல் பலன் தெரியவில்லை. இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏற்கெனவே நோய்ப்பட்டவர்கள் குறைவாகத்தான் நடப்பார்கள். ஆகவே நடைதான் ஆயுளைக் கூட்டியது என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் முழங்கால் வலியோடு நாலாயிரம் அடி நடக்கும் ஒரு பாட்டிக்கு இது தெம்பு தரும் செய்தி.

இந்த உடற்பயிற்சி அறிவுரைகள் யாரை மனதில் வைத்துச் சொல்லப்படுகின்றன என்றும் பார்க்க வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கம் ஆயிரக்கணக்கான பெண்கள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்தால் காசு குறையும். அவர்களிடம் போய் ஜிம், யோகா வகுப்பு என்று பேசுவதில் பலன் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் திருத்திய வழிகாட்டி இவர்களுக்கு உதவும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது அது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. அந்த நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டார்கள். இலை நனைக்க எழும்போது நாலு தப்படி, தண்ணீர்க் குடத்தோடு தெருக் குழாய் வரை ஒரு நடை, எல்லாமே சேரும். வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுப்பதும் அதில் உண்டு. அதற்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதில் தொடங்கலாம்.

இளைஞர்கள் பக்கம் வேறு பிரச்சினை. கே.டி.சி. நகரிலிருந்து தென்காசி வரை ஜிம்கள் பெருகியிருப்பது நல்ல விஷயம்தான். சேர்ந்த ஒரு வாரத்தில் புரோட்டீன் டப்பா வாங்கச் சொல்வதுதான் சிக்கல். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. கடுமையாகப் பளு தூக்குகிறவருக்குக் கூடுதலாகத் தேவைப்படும், அதையும் முட்டை, மீன், பயறு, நிலக்கடலை, பால் என்று சாப்பாட்டிலேயே சேர்க்க முடியும். 2024-இல் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்த ஆய்வு ஒன்று வந்தது. அதில் ஏறத்தாழ 70 சதவீதப் பொடிகளில், டப்பாவில் போட்டிருந்த புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. இதற்கடுத்த படி ஸ்டீராய்டு ஊசி. விந்தணு குறைவது, மார்பு வீங்குவது, ஈரலும் இதயமும் கெடுவது எல்லாம் அதில் உண்டு. ஜிம்மில் யாராவது ஊசியைப் பற்றிப் பேசினால் அந்த ஜிம்மை விட்டு வந்துவிடுங்கள் தம்பி.

"இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது" என்ற வாசகத்தையும் பார்த்துவிடலாம். சுரைக்காய்ச் சாறு எடையைக் குறைக்கும் என்று குடிக்கிறவர்கள் பலர். கசப்பான சுரைக்காயில் குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருள் இருக்கும். ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் உண்டு என்பதால் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே ஒரு குழு அமைத்து எச்சரிக்கை விட்டது: முதலில் ஒரு துண்டை வாயில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கிப் போடுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், கொழுப்புக் குறையும் என்று இரும்பன் புளி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் பழுதானதை 2013-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து, சிலருக்கு டயாலிசிஸ் வரை போனது. குழம்பில் நாலு காய் போடுவதும் அதே காயைக் கிலோக் கணக்கில் பிழிந்து வெறும் வயிற்றில் குடிப்பதும் ஒன்றல்ல.

சதவீதத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதும் ஆசை காட்டுவதும் இன்னொரு பழக்கம். ஏதோ ஒன்று நோய் வாய்ப்பைப் "பாதியாகக் குறைக்கும்" என்பார்கள். ஆயிரம் பேரில் இருநூறு பேருக்கு வருவது நூறாகக் குறைந்தாலும் பாதிதான், இரண்டு பேருக்கு வருவது ஒன்றாகக் குறைந்தாலும் பாதிதான். எத்தனையிலிருந்து எத்தனை என்று கேளுங்கள்.

சட்டமும் இதில் நமக்குத் துணையாக இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், உடல் பருமன், ரத்த அழுத்தம் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் "சர்க்கரை நோய் முற்றிலும் குணம்" என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸும் செல்போன் விளம்பரமும் இதில் அடங்கும். மத்திய நுகர்வோர் துறை 2023 ஆகஸ்டில், சமூக ஊடகத்தில் உடல்நலம் பேசுகிறவர்கள் தங்கள் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதித்தது. சட்டம் இருந்தும் நோட்டீஸ் ஒட்டியபடியேதான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் புகார் கொடுக்காவிட்டால் அது அப்படியேதான் இருக்கும். இது என்னை உறுத்துகிற விஷயம். போதாததற்கு இப்போது பிரபல மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் போலியாக உருவாக்கி அவர்களே மருந்தைப் பரிந்துரைப்பதுபோல் வீடியோ விடுகிறார்கள். முகத்தைப் பார்த்து நம்பிய காலம் போய்விட்டது.

நம்பகமாகத் தேட என்ன இருக்கிறது என்றால், நாம் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. காக்ரேன் நூலகத்தின் எளிய சுருக்கங்கள் பல தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டியை அவர்கள் இணையதளத்திலேயே படிக்கலாம். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் தருகிறார். தெருவில் யார் வீட்டில் என்ன பொடி குடிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பாக்கெட் உணவு வாங்கும்போது 14 இலக்க உணவு உரிம எண்ணைப் பாருங்கள். அது இருந்தால் அந்தப் பொருள் உணவாக விற்க உரிமம் பெற்றது, அவ்வளவுதான். நோயைக் குணமாக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது.

கடைசியாக, நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிற ஒன்று உண்டு. பொடியோ லேகியமோ சாறோ எடுத்துக்கொண்டிருந்தால், டாக்டரிடம் போகும்போது அந்தப் பாக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். திட்டுவார் என்று பயந்து பலர் மறைத்துவிடுகிறார்கள். மூலிகைப் பொடி என்று விற்பதில் சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மாத்திரையையோ ஸ்டீராய்டையோ பொடித்துக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அப்படிப்பட்ட பொடியைக் குடித்துக்கொண்டே டாக்டர் கொடுத்த மாத்திரையையும் போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழ நேரும். பொடியை நம்பி இன்சுலினை நிறுத்தினாலோ, சிறு வயதிலேயே வருகிற வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்குச் சில நாட்களில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். பாக்கெட்டைப் பார்த்தால்தான் டாக்டருக்கு மாத்திரையின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியும். பெயரே போடாத பொட்டலமாக இருந்தால் அதையும் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.